தாவரப் பாதியில் மைட்டோகாண்ட்ரியா எங்கே? வேலூரில் வாங்கிய செல் மாதிரிக்கு ஒரு மதிப்புரை

அணைக்கட்டு வட்டாரத்தில் உள்ள எங்கள் ஊரில், எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பதினான்கு பிள்ளைகள் மாலை நேரத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து அறிவியல் படிக்கிறார்கள். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதன் நடுவில் இன்னொரு வட்டம் போட்டு, இதுதான் செல், இதுதான் உட்கரு என்று சொல்லிக்கொடுத்த ஆண்டுகளில், பிள்ளைகள் அந்தப் படத்தைப் பிழையின்றி வரைந்து முழு மதிப்பெண் வாங்கினாலும், செல் என்பது தட்டையான பொருள் அல்ல என்பதே பலருக்குக் கடைசிவரை தெரியாமல் போனதைக் கண்டிருக்கிறேன். அந்தக் குறை தீர வேண்டும் என்றுதான் சென்ற ஆண்டு ஜூன் மாதம் வேலூருக்குச் சென்று, லாங் பஜாருக்கு அருகில் உள்ள கல்வி உபகரணக் கடை ஒன்றில் 1,850 ரூபாய்க்கு இந்தச் செல் மாதிரியை வாங்கி வந்தேன். ஓராண்டு பயன்படுத்திய பின் என் முடிவு இது: வாங்கலாம், ஆனால் அதில் உள்ள சில பிழைகளைக் கையால் திருத்திய பிறகே பிள்ளைகள் முன் வைக்க வேண்டும்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மரத்தாங்கியின் மேல் நிற்கும் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள அரைக்கோளம் இது. இடப்பாதி தாவரச் செல்லாகவும் வலப்பாதி விலங்குச் செல்லாகவும் வண்ணம் தீட்டப்பட்டிருக்கின்றன. உட்கருவும் மற்ற நுண்ணுறுப்புகளும் சிறு காந்தங்களால் ஒட்டிக்கொண்டிருப்பதால், ஒவ்வொன்றையும் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு மீண்டும் பொருத்தலாம். உறுப்புகளின் மேல் எண்கள் மட்டுமே உள்ளன. அந்த எண்களுக்குரிய பெயர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட தனித்தாளில் தரப்பட்டுள்ளன. கடைக்காரர், "பிரிச்சுப் பார்த்தே எடுத்துட்டுப் போங்க சார்" என்று பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தார். தாங்கியில் ஒரு திருகு குறைந்திருந்ததைக் காட்டியதும் வேறு பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கேட்காமலே ரசீதும் போட்டுத் தந்தார். கடையின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அனைத்தும் பொருளைச் செய்தவர்களைச் சேர்ந்தவை.

எதையும் சொல்லிக்கொடுப்பதற்கு முன் பிள்ளைகளை ஒரு கணக்குப் போடச் சொன்னேன். சராசரி விலங்குச் செல் ஒன்றின் விட்டத்தை 20 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 சென்டிமீட்டர் மாதிரி அதைப்போல் 15,000 மடங்கு பெரியது. இந்த ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மாதிரியின் ஒவ்வொரு பகுதியையும் சோதித்துப் பார்க்கலாம். 6 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உட்கரு 9 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மாதிரியில் 10 சென்டிமீட்டர் இருக்கிறது, அது சரி. செல்லுக்கு ஆற்றலை எடுத்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் நீளமும் தடிமனும்கூட ஏறக்குறையச் சரியாகவே அமைந்துள்ளன. புரதம் கோக்கும் ரைபோசோமின் குறுக்களவு 25 முதல் 30 நானோமீட்டர் வரை என்பதால், இந்த அளவுத்திட்டத்தில் அது அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக, ஒரு ரவைத் துகள்போல் இருக்க வேண்டும். மாதிரியிலோ கடுகைவிடப் பெரிதாக உருட்டி ஒட்டியிருக்கிறார்கள். செல் பிரியும்போது உதவும் சென்ட்ரியோல் ஓர் அரிசி மணி அளவுக்கு மேல் போகக் கூடாது. இங்கே அது கட்டைவிரல் நுனியளவு இருக்கிறது. இவற்றை நான் பெரும் பிழையாகக் கருதவில்லை. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது இது. கணக்குப் போட்டுப் பார்த்த பிள்ளைகள் எது பெருக்கிக் காட்டப்பட்டது என்பதைத் தாங்களே கண்டுகொண்டார்கள். அவர்களை வாயடைத்து நிற்கச் செய்தது டி.என்.ஏ.வின் கணக்குதான். மனிதச் செல் ஒன்றின் உட்கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழைகளை முனையோடு முனை சேர்த்தால் சுமார் 2 மீட்டர் வரும். 15,000 மடங்கு பெருக்கினால் அது 30 கிலோமீட்டர். வேலூரில் ஒரு முனையைக் கட்டிவிட்டு நடந்தால் ஆற்காடு வந்த பிறகும் கையில் நூல் மிச்சம் இருக்கும். அந்த நூல் தலைமுடியைவிட மெல்லியதாகவும் இருக்கும். அதை முழுவதுமாக ஒரு சாத்துக்குடி அளவுள்ள உருண்டைக்குள் சிக்கலில்லாமல் சுற்றி வைத்து, வேண்டிய பகுதியை வேண்டிய நேரத்தில் பிரித்துப் படிக்கவும் செல்லால் முடிகிறது.

இந்த மாதிரியின் சிறந்த பகுதி உட்கருவும் அதைச் சூழ்ந்துள்ள, சவ்வு மடிப்புகளால் ஆன எண்டோபிளாச வலையும் ஆகும். பல மாதிரிகளில் எண்டோபிளாச வலையை உட்கருவோடு சம்பந்தமில்லாத மடிப்புத் துணிபோல ஒரு மூலையில் ஒட்டிவிடுவார்கள். இதில் உட்கரு உறையின் வெளிச்சவ்வே நீண்டு வலையாக மடிந்து செல்வதை ஒரே வார்ப்பில் காட்டியிருக்கிறார்கள். உட்கருவின் மேல் நுண்துளைகளையும் தெளிவாகப் பதித்திருக்கிறார்கள். உட்கருவில் டி.என்.ஏ.விலிருந்து படியெடுக்கப்பட்ட செய்தி அந்தத் துளை வழியாக வெளியே வருகிறது, வலையின் மேல் அமர்ந்திருக்கும் ரைபோசோம் அதைப் படித்துப் புரதத்தைக் கோக்கிறது, கோத்த புரதம் வலையின் உள்ளறைக்குள் இறங்கி மடிந்து உருப்பெறுகிறது, அங்கிருந்து சிறு பைகளில் ஏறிக் கோல்கை உறுப்பை அடைகிறது என்ற முழுப் பயணத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்ட முடிந்தது. ரைபோசோமின் அமைப்பையும் செயலையும் கண்டறிந்ததற்காக 2009-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர் என்று சொன்னபோது, அந்தக் கடுகு உருண்டைகளைப் பிள்ளைகள் புதிய கண்ணோடு பார்த்தார்கள்.

கோல்கை உறுப்பின் வேலையைச் சொல்ல, பாடநூலில் வரும் "பொட்டலம் கட்டி அனுப்பும் இடம்" என்ற உவமை எனக்குப் போதுமானதாக ஒருபோதும் தோன்றியதில்லை. எதை அனுப்புகிறது என்று சொல்லாத வரையில் அது வெறும் சொல்லாகவே நிற்கிறது. எங்கள் வட ஆற்காட்டுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல நல்ல வழி ஒன்று உண்டு. இவர்களில் மூவருடைய தந்தையர் ஆம்பூர், இராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். தோல் என்று அவர்கள் பதனிடுவது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத நார்களைத்தான். ஆட்டின் தோலில் இருந்த செல்கள் அந்தப் புரதத்தை எண்டோபிளாச வலையில் மூன்று இழைகளாக முறுக்கி, கோல்கை வழியாகச் செல்லுக்கு வெளியே அனுப்பின; வெளியே வந்த பிறகே அது நாராகப் பின்னிக்கொண்டது. செல்கள் இறந்து போயின, அவை நெய்து வெளியே வைத்த நார் நிலைத்தது. அந்த நாரைத்தான் முற்காலத்தில் ஆவாரம் பட்டையும் இக்காலத்தில் குரோமிய உப்பும் கெட்டிப்படுத்துகின்றன. முறுக்கும் வேலைக்கு வைட்டமின் சி தேவை என்பதால்தான் அது குறைந்தவர்களுக்கு ஈறில் இரத்தம் கசிகிறது. இத்தனையும் சொல்லி முடித்தபோது ஒரு பையன் தன் செருப்பைக் கழற்றித் தோல் வாரைத் தடவிப் பார்த்தான். கோல்கை உறுப்பைப் பற்றி அவனுக்கு இனி நான் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை.

இனி, தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். வலப்பாதியான விலங்குச் செல்லில் மூன்று மைட்டோகாண்ட்ரியா இருக்கின்றன. அவற்றில் ஒன்று குறுக்கே வெட்டி, உட்சவ்வின் மடிப்புகள் தெரியும்படி அழகாகச் செய்யப்பட்டுள்ளது. இடப்பாதியான தாவரச் செல்லில் ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் நான்கு பசுங்கணிகங்கள் மட்டும் உள்ளன. நான் இதைக் கடையில் கவனிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திதான் இரண்டாம் நாளே கேட்டாள்: "சார், செடிக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாதா? அப்போ ராத்திரியில வெயில் இல்லாதப்போ அது எதை வெச்சு உயிரோட இருக்கும்?" என் ஆசிரியப் பணிக்காலம் முழுவதும் நான் எதிர்த்து வந்த தவறான எண்ணம் ஒன்றை, 1,850 ரூபாய் கொடுத்து நானே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டதை அந்தக் கேள்வி காட்டியது. விலங்கு சுவாசிக்கும், தாவரம் ஒளிச்சேர்க்கை செய்யும் என்று இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். உண்மையில் தாவரம் இரண்டையும் செய்கிறது. பசுங்கணிகம் சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரையை ஆக்குகிறது. அந்தச் சர்க்கரையிலிருந்து, இரவிலும் பகலிலும், இலையிலும் வேரிலும், செல்லுக்கு வேண்டிய ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறில் பெரும்பகுதியைப் பிரித்தெடுப்பது மைட்டோகாண்ட்ரியாவே. மண்ணுக்குள் இருக்கும் வேர்ச் செல்லில் பசுங்கணிகம் இல்லை. மைட்டோகாண்ட்ரியாவும் இல்லையென்றால் வேர் ஒரு நாளும் வளர முடியாது.

வாயால் சொன்னால் போதாது என்பதால், முளைகட்டிய பச்சைப்பயறு ஒரு பிடி எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, உள்ளே ஒரு சிறு குப்பியில் தெளிந்த சுண்ணாம்பு நீரை வைத்து மூடி இருட்டறையில் வைத்தோம். மறுநாள் காலையில் சுண்ணாம்பு நீர் பால்போல் வெளுத்திருந்தது. இலை விரியாத, வெயில் காணாத பயறு விட்ட கரியமில வாயுதான் அதை வெளுக்கச் செய்தது. அதன்பின் கேள்வி கேட்ட மாணவியே களிமண்ணில் நான்கு மைட்டோகாண்ட்ரியா செய்து, ஆரஞ்சு வண்ணம் பூசி, தாவரப் பாதியில் ஒட்டினாள். இன்றுவரை அவை அங்கேயே இருக்கின்றன. தாவர, விலங்குச் செல்களை ஒரே வட்டத்தில் இரு பாதியாகக் காட்டும் மாதிரிகளை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இரண்டுக்கும் பொதுவான உறுப்புகளைச் செய்பவர்கள் இடம் கருதி ஒரு பக்கத்தில் மட்டும் வைத்துவிடுகிறார்கள். பார்க்கும் பிள்ளையோ மறுபக்கத்தில் அது இல்லை என்று படித்துக்கொள்கிறது. இதே மாதிரியில் சென்ட்ரியோல் தாவரப் பாதியிலும் ஒன்று இருப்பது இதற்கு நேர்மாறான பிழை. கத்திரி, நெல், மா போன்ற பூக்கும் தாவரங்களின் செல்களில் சென்ட்ரியோல் இல்லை. அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அடுத்த குறை சற்று ஆழமானது. இதைத் திருத்தக் களிமண் போதாது. செல்லை உயிருள்ளதாக வைத்திருப்பது அதன் உறுப்புகள் மட்டும் அல்ல, அவற்றைப் பிரித்து வைத்திருக்கும் சவ்வுகளும் ஆகும். இந்த மாதிரியில் உறுப்புகள் தாம்பாளத்தில் வைத்த பழங்கள்போல் தனித்தனியாகக் கிடக்கின்றன. வெளிச்சவ்வு அரை சென்டிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் விளிம்பாக இருக்கிறது. எங்கள் கணக்கின்படி, சுமார் 7 நானோமீட்டர் தடிமனுள்ள செல் சவ்வு இந்த மாதிரியில் ஒரு நோட்டுத் தாளின் கனத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதுவும் கெட்டியான தாள் அல்ல. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று, எண்ணெய்போல் நெளிந்துகொண்டிருக்க, இடையிடையே புரதங்கள் மிதக்கும் பரப்பு என்று 1972-இல் சிங்கர், நிக்கல்சன் என்ற அறிவியலாளர்கள் விளக்கிய அமைப்பு அது. எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்பதை அந்த மெல்லிய பரப்பே தீர்மானிக்கிறது. லைசோசோமின் செரிமான நொதிகள் செல்லையே தின்றுவிடாமல் தடுப்பதும் அதைச் சுற்றியுள்ள சவ்வுதான்.

இதை விளக்க எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நல்ல சான்று விளைகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள் கத்திரிக்காயை அரிந்து வைத்தால் சிறிது நேரத்தில் வெட்டுப் பரப்பு பழுப்பேறுகிறது. தண்ணீரில் போட்டு வைத்தால் அவ்வளவு விரைவில் கறுப்பதில்லை. பழுப்பாகும் பொருள் செல்லின் நடுவில் உள்ள பெரிய நுண்குமிழியில், வாக்குவோல் என்று பாடநூல் சொல்லும் அறையில் இருக்கிறது. அதைப் பழுப்பாக்கும் நொதியோ வேறோர் அறையில் இருக்கிறது. செடியில் தொங்கும்போது காய் பழுக்கும்வரை இரண்டும் சவ்வுகளுக்கு அப்பாலும் இப்பாலும் இருக்கின்றன. அரிவாள்மணை சவ்வுகளைக் கிழித்ததும் இரண்டும் கலக்கின்றன, காற்றில் உள்ள ஆக்சிஜன் சேர்கிறது, நிறம் மாறுகிறது. தண்ணீர் அந்த ஆக்சிஜன் எளிதில் வந்து சேராமல் தடுக்கிறது. ஆயிரம் முறை கத்திரிக்காய் நறுக்கிய என் மனைவி, அடுக்களையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டே வந்து, "இத்தனை வருஷமா இதை எனக்கு ஏன் சொல்லலை?" என்று கேட்டார். மாதிரியைச் செய்தவர்கள், தாவரப் பாதியில் இந்த நுண்குமிழியை நெல்லிக்காய் அளவில் வைத்திருக்கிறார்கள். முதிர்ந்த தாவரச் செல்லில் அது பெரும்பகுதி இடத்தை, சிலவற்றில் பத்தில் ஒன்பது பங்கை, தானே நிரப்பிக்கொண்டு உட்கருவையும் பசுங்கணிகங்களையும் ஓரத்துக்குத் தள்ளிவிடும். அதன் நீரழுத்தமே இலையை விறைப்பாக வைக்கிறது. அது குறையும்போதுதான் சித்திரை வெயிலில் கீரை துவள்கிறது.

பெயர்த்தாளில் ஒரு தவறு இருப்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்ப் பகுதியில் 7, 8 ஆகிய எண்களுக்கு எதிரே செல் சுவர், செல் சவ்வு என்ற பெயர்கள் இடம் மாறி அச்சாகியுள்ளன. ஆங்கிலப் பகுதியில் சரியாக உள்ளன. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் தவறானதைக் கொடுப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. சுவர் என்பது தாவரச் செல்லின் வெளியே செல்லுலோஸ் நாரால் ஆன உறுதியான கூடு. சவ்வு அதற்கு உட்புறம் எல்லாச் செல்லுக்கும் உள்ள உயிர்ப்புள்ள எல்லை. 1665-இல் இராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டு செல் என்று பெயரிட்டவை இறந்த செல்களின் சுவர்களே. அவற்றுக்குள் சவ்வும் இல்லை, உட்கருவும் இல்லை.

பழக்கமான பள்ளி ஒன்றிலிருந்து நுண்ணோக்கியை இரண்டு நாள் இரவல் வாங்கி, இந்தக் குழப்பத்தை நேரடியாகவே தீர்த்தோம். தொட்டியில் வளரும் ரியோ செடியின் இலையில், அடிப்புறத்து ஊதா நிறத் தோலை மெல்ல உரித்துப் பார்த்தபோது, செல் சுவரும் சவ்வும் ஒட்டியே இருந்ததால் ஒரே கோடாகத்தான் தெரிந்தன. கெட்டியான உப்புக்கரைசலை ஒரு சொட்டு விட்டதும், சில நிமிடங்களில் ஊதா நிறம் முழுவதும் சுருங்கி நடுவுக்கு ஒதுங்கியது. சுவர் அப்படியே நின்றது, சவ்வு அதைவிட்டு விலகி வந்தது. பச்சைத்தோலுக்கு உப்புப் போட்டு அடுக்குவது ஏன் என்று அந்தத் தோல் தொழிலாளியின் மகன் அப்போதே புரிந்துகொண்டான். அழுகச் செய்யும் பாக்டீரியாவின் செல்லிலிருந்தும் உப்பு நீரை இப்படித்தான் இழுத்துவிடுகிறது. பிறகு ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியின் இலை ஒன்றை வைத்தோம். பசுங்கணிகங்கள் செல்லின் ஓரமாகவே ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து சுற்றி வருவதை அவர்கள் கண்டார்கள்; செல்லுக்குள் உட்கருவைச் சுற்றி நிறைந்திருக்கும் சைட்டோபிளாசம் அசையாத பசை அன்று, ஓடும் பொருள் என்பதை எந்த மாதிரியும் காட்ட முடியாது. மைட்டோகாண்ட்ரியா அந்த நுண்ணோக்கியில் தெரியவில்லை. சாதாரணப் பள்ளி நுண்ணோக்கியில் அது அவ்வளவு எளிதில் தெரிவதும் இல்லை. அங்கேதான் மாதிரிக்கு வேலை இருக்கிறது. கண்ணால் காண முடிந்ததை நுண்ணோக்கியிலும், காண முடியாததை மாதிரியிலும் காட்டும்போதுதான் இந்தப் பொருளுக்குக் கொடுத்த விலை தகும்.

பொருள் நீடித்து உழைப்பதைப் பொறுத்தவரை, அக்னி நட்சத்திர நாட்களில் கோல்கை உறுப்பின் பசை விட்டுப்போனது. பச்சை வண்ணம் பல இடங்களில் உரிந்துவிட்டது. லைசோசோம் ஒன்று தொலைந்து, அதன் இடத்தில் இப்போது ஒரு புளியங்கொட்டை இருக்கிறது. காந்தங்கள் மட்டும் உறுதியாகவே உள்ளன.

அடுத்த மாதம் நான் மீண்டும் வாங்கப் போவதாக இருந்தால், இரு பாதி மாதிரியை விட்டுவிட்டு, தாவரச் செல்லும் விலங்குச் செல்லும் தனித்தனியாக உள்ள இணையைக் கேட்பேன். அந்தக் கடையில் அது 2,600 ரூபாய்க்கு இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து, தாவரச் செல்லில் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறதா, நுண்குமிழி நடுவில் பெரிதாக இருக்கிறதா, சென்ட்ரியோல் இல்லாமல் இருக்கிறதா, தமிழ்ப் பெயர்த்தாளில் சுவரும் சவ்வும் தத்தம் எண்ணில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது, கடைக்காரரும் தடுப்பதில்லை.